குளியலறைப் பூஞ்சைக்கு யார் பொறுப்பு?

"குளிப்பது நீங்கள், ஈரமாக்குவது நீங்கள். பூஞ்சைக்கு நாங்களா பொறுப்பு?" என்கிறார்கள் வீட்டு உரிமையாளர்கள். குளியலறை ஈரமாகத்தான் செய்யும். அந்த ஈரம் ஏன் காயவில்லை என்பதே கேள்வி. சென்னையில் பல வாடகை வீடுகளின் குளியலறைக்கு ஜன்னலே கிடையாது. எக்ஸாஸ்ட் ஃபேனும் இல்லை. மேல்மாடிக் குழாய் கசிந்து கூரையில் கறுப்பு படர்ந்தால், பிளீச்சிங் பவுடர் போட்டு எத்தனை முறை தேய்த்தாலும் திரும்ப வரும். ஆஸ்துமா உள்ள குழந்தை வாழும் வீட்டில் இது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல.

தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் படியுங்கள். கட்டுமானப் பழுது, வெள்ளையடிப்பு, தேவைப்படும்போது குழாய் மாற்றுவது எல்லாம் உரிமையாளர் பக்கம். குழாய் வாஷர், வடிகால் சுத்தம் குடியிருப்பவர் பக்கம். ஒப்பந்தத்தில் வேறாக எழுதாதவரை இதுதான் பங்கு.

தரையைத் துடைப்பதும் கதவைத் திறந்து வைப்பதும் எங்கள் வேலை, ஒப்புக்கொள்கிறேன். கசிவை அடைப்பது உங்கள் வேலை. அதைச் செய்யாமல், காலி செய்யும் நாளில் பெயின்ட் செலவென்று அட்வான்ஸில் பிடிப்பது அநியாயம்.

குடியிருப்போரே, கசிவைக் கண்ட அன்றே படம் எடுத்து, எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.