கொம்பை அளப்பவர்கள்

வில்லெடுத்த பெண்ணைப் பற்றிச் சொல்லப்பட்ட பழைய பொய்களில் ஒன்று அவள் மார்பைப் பற்றியது. நாணை இழுக்க இடைஞ்சலாக இருக்கிறதென்று அமேசான் பெண்கள் ஒரு மார்பை அழித்துக்கொண்டார்கள் என்று கிரேக்கர்கள் எழுதிவைத்தார்கள். அந்தப் பெயருக்கே ‘மார்பில்லாதவள்’ என்று ஒரு போலிச் சொற்பிறப்பையும் கட்டிவிட்டார்கள். அதே கிரேக்கர்களின் ஜாடிகளிலும் சிற்பங்களிலும் அமேசான்கள் இரண்டு மார்போடுதான் நிற்கிறார்கள். ஏட்ரியன் மேயர் 2014இல் எழுதிய நூலில் இந்தக் கதையை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டார். வில் பிடிக்கிற பெண்ணுக்கு அந்த நூல்கூட வேண்டாம். மார்புக்காப்பு என்று ஒரு துண்டு துணியும் இரண்டு பட்டையும் போதும். சட்டை மடிப்பில் நாண் உரசாமல் இருக்க ஆண்களும் அதைக் கட்டிக்கொள்கிறார்கள்.

பொய் செத்துவிடவில்லை. இப்போது அது பவுண்டுக் கணக்கில் பேசுகிறது.

என்னிடம் முதுகலைத் தமிழ் படித்த ஒருத்தி பன்னிரண்டு ஆண்டுகளாகக் கொலராடோவில் இருக்கிறாள். முப்பத்தெட்டு வயதில் வில் வேட்டை கற்கத் தொடங்கினாள். அவள் தேடிப்போவது எல்க். சிலர் இதைக் கடமான் என்று மொழிபெயர்க்கிறார்கள். கடமான் நம் மலையில் மிளா என்று அழைக்கப்படுவது; இது வேறு. அந்த மண்ணின் பழங்குடிச் சொல் வாப்பிட்டி; வெள்ளைப் புட்டம் கொண்டது என்று பொருள். ஆண் எல்க் முந்நூறு கிலோவைத் தாண்டும். கலை, பிணை என்று மானுக்கு அழகாக இரண்டு சொற்கள் நம்மிடம் இருப்பதால் இங்கே அவற்றையே எழுதுகிறேன்.

வில் வாங்கப் போன கடையில் அவளிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி: “வீட்டுக்காரருக்கா, பையனுக்கா?” தனக்கு என்றதும், சிறுவர்களுக்கான வில்லை எடுத்து நீட்டினார்கள். எல்க் வேட்டைக்கு என்றதும், அவள் தோள் பிடுங்கிக்கொள்ளும் அளவுக்கு இறுக்கிய ஒரு வில்லை நீட்டி, இதை இழுக்க முடியாவிட்டால் எல்க்கை மறந்துவிடுங்கள் என்றார்கள். “எழுபது பவுண்டு இழுத்தாத்தான் வேட்டைக்காரியாம் மேம்” என்று தொலைபேசியில் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளைப்பேற்று வார்டிலும் ஆய்வேட்டு வாய்மொழித் தேர்விலும் பெண்கள் அப்படித்தான் சிரிக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? கொலராடோவில் வில்லின் இழுவிசை குறைந்தது 35 பவுண்டு இருக்க வேண்டும். ஐடஹோவில் 40. எழுபது என்பது எந்தச் சட்டமும் கேட்காத எடை. ஆண்கள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளும் எடை. எல்க்கைக் கொல்வது தோள் வலிமை என்று நினைப்பவர்கள் அம்பு எப்படிக் கொல்கிறது என்பதையே பார்க்காதவர்கள். சவரக்கத்தி போலத் தீட்டிய முனை இரண்டு நுரையீரலையும் கிழித்துப் போக வேண்டும். அதற்கு வேண்டியவை கூர்மை, கனமான அம்பு, குறைந்த தூரம், விலங்கு பக்கவாட்டில் நிற்கும் கோணம். போதாததற்கு இன்று பெரும்பாலோர் பிடிப்பது சக்கரம் வைத்த கம்பவுண்டு வில். ஹோலிஸ் வில்பர் ஆலன் 1969இல் காப்புரிமை பெற்ற பொறி அது. நாணை முழுதாக இழுத்து முடித்ததும் கையில் நிற்கும் பாரம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பாரத்தைச் சக்கரத்திடம் கொடுத்துவிட்டு வீரத்தை மட்டும் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறான் மனிதன்.

சரி, தோள் காரணமில்லை என்றால் எது காரணம்? 2016ஆம் ஆண்டின் அமெரிக்கத் தேசியக் கணக்கெடுப்பில் வேட்டையாடுவோரில் பத்தில் ஒருவர்தான் பெண். கொலராடோவில் 12 வயதிலேயே பெரிய விலங்கு வேட்டைக்கு உரிமம் வாங்கலாம். அந்த வயதில் மகனைக் கூட்டிக்கொண்டு மலையேறுகிறான் அப்பன். காற்று காலையில் சரிவில் கீழிறங்கும், வெயில் ஏறியதும் மேலேறும், எல்க்கின் மூக்கு அந்தக் காற்றில்தான் இருக்கிறது என்பதைப் பையன் பாடமாகப் படிப்பதில்லை. கால் வலியோடு சேர்த்து வாங்கிக்கொள்கிறான். தவறவிட்ட அம்புகளையும் மிதித்து உடைத்த சுள்ளிகளையும் பார்க்க அப்பனைத் தவிர ஆள் கிடையாது. முப்பத்தெட்டு வயதில் அவன் இருபத்தாறு வருடம் தடுமாறி முடித்தவன். அதே வயதில் தொடங்குகிற பெண்ணுக்குத் தடுமாற ஒரு செப்டம்பர்தான் கிடைக்கிறது, அதுவும் எல்லோர் முன்னிலையிலும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன்ஸ் பாயிண்ட் வளாகத்துப் பேராசிரியர் கிறிஸ்டின் தாமஸ் இதைப் புரிந்துகொண்டார். 1991இல் பெண்களுக்கென்று காட்டுத்திறன் பயிலரங்கைத் தொடங்கினார். கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும், கேள்வி கேட்டால் இளிக்காத ஆள் வேண்டும். கோரிக்கை அவ்வளவுதான்.

அரசாங்கம் வேறு மாதிரிப் புரிந்துகொண்டது. அதே விஸ்கான்சினில் 2016இல் வேட்டைக்காரர்கள் ஆரஞ்சுக்குப் பதில் கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பிலும் உடுத்தலாம் என்று சட்டம் வந்தது. பெண்களை ஈர்க்கவாம். நாங்கள் நிறம் கேட்கவில்லையே என்று அங்கே வேட்டையாடும் பெண்கள் பலர் முகம் சுளித்தார்கள். கொலராடோவும் அதே ஆண்டு அந்தச் சட்டத்தைப் பின்தொடர்ந்தது. மகளிர் தினத்துக்குக் கோலப்போட்டி வைக்கும் கல்லூரியில் வேலை பார்க்கும் எனக்கு இதில் வியப்பில்லை.

என் மாணவியின் முதல் செப்டம்பரைச் சொல்கிறேன். இணைசேரும் பருவம். கலைகள் அடிவயிற்றிலிருந்து தொடங்கி விசிலாக உயரும் குரலில் கத்திக்கொண்டு திரியும். இருபத்தைந்து மீட்டருக்குள் வந்தால் மட்டுமே அம்பு என்று அவள் தனக்குக் கோடு போட்டிருந்தாள். மாதக்கணக்கில் வைக்கோல் கட்டை எய்து பார்த்து, தன் கை எதுவரை பொய் சொல்லாது என்று அறிந்து போட்ட கோடு. நாற்பது மீட்டரில் ஒரு கலை வந்து நின்றது. அவள் வில்லை உயர்த்தவில்லை. அது போய்விட்டது. அன்றிரவு கூடாரத்தில் ஒருவர் கேட்டாராம்: “பயந்துட்டீங்களா?”

அதே கூடாரத்தில் இன்னொருவர் அறுபது மீட்டரில் எய்திருந்தார். அம்பு வயிற்றில் பட்டது. வயிற்றில் அடிபட்ட எல்க் உடனே விழாது, மணிக்கணக்கில் நடக்கும். மறுநாள் மதியம்வரை தேடினார்கள், கிடைக்கவில்லை. அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. துரதிர்ஷ்டம் என்று தோளில் தட்டினார்கள்.

வில் வேட்டையில் புதியவரின் பிழையை விலங்கு தன் உடம்பில் சுமக்கிறது. அதனால் புதியவருக்கு இருக்க வேண்டிய முதல் திறமை எய்யாமலிருப்பது. ஆண் எய்யாமலிருந்தால் அதற்குக் கட்டுப்பாடு என்று பெயர். பெண் எய்யாமலிருந்தால் பயம். இந்தப் பெயர்சூட்டல்தான் ஆபத்தானது. பயந்தவள் என்ற பெயரை அழிக்க அடுத்த முறை அவள் நாற்பதில் எய்வாள், வயிறு கிழிந்த ஒரு பிணை இரவெல்லாம் நடக்கும். ஆண்மைக்குப் பரீட்சை வைப்பவர்கள் மானின் உடம்பில் வைக்கிறார்கள்.

நம் அகப்பாடல் மரபில் கெடுதி வினாதல் என்று ஒரு துறை உண்டு. வகுப்பில் பல ஆண்டுகளாக நடத்துகிறேன். என் அம்பு பட்ட யானை, என் அம்பு பட்ட மான் இந்தப் பக்கம் வந்ததா என்று கேட்டுக்கொண்டு தலைவன் தினைப்புனத்துக்கு வருவான். கேள்வி ஒரு சாக்கு. அவன் பார்க்க வந்தது தலைவியை. நயம் சொல்கிறோம், மாணவர்கள் குறிப்பெடுக்கிறார்கள். அந்த மான் என்ன ஆயிற்று என்று நான் படித்த உரைகளில் யாரும் கேட்டதாக நினைவில்லை. குருதி சொட்டும் ஒரு விலங்கைக் காட்டில் விட்டுவிட்டுப் பேச்சுக் கொடுக்க நிற்பவனை வேட்டைத் திறமுடையவன் என்கிறோம். புனத்தில் கிளி ஓட்டும் பெண்ணின் கையில் கவணும் தழலும் மட்டும். சிலப்பதிகார வேட்டுவவரியில் எயினர் குமரியின் கையில் வில் கொடுக்கிறார்கள், கொற்றவைக் கோலம் புனைவித்த பிறகு. தெய்வமானால்தான் வில்.

ஆண் மட்டுமே வேட்டையாடினான் என்பதற்கு இப்போது சான்றுகளும் இடம் கொடுப்பதில்லை. பெருவின் உயர்மலையில் ஏறத்தாழ 9000 ஆண்டுகளுக்கு முன் வேட்டைக் கருவிகளோடு புதைக்கப்பட்டவள் இருபது வயதுகூட ஆகாத பெண் என்று 2020இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். பிலிப்பைன்சின் லூசோன் தீவில் அக்தா பெண்கள் வில்லும் நாயும் கொண்டு காட்டுப்பன்றியும் மானும் வேட்டையாடியதைச் சென்ற நூற்றாண்டிலேயே மானிடவியலாளர்கள் பதிவுசெய்துவிட்டார்கள். பிள்ளை பெற்ற பெண்கள்.

என் பெண்ணியத் தோழிகள் சிலருக்கு இதெல்லாம் கசக்கிறது. உயிர் தருபவள் உயிர் எடுக்கலாமா, ஆணின் வன்முறையைப் பெண்ணும் நகலெடுக்க வேண்டுமா என்கிறார்கள். மதுரைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மாணவியின் அம்மாவும் இதைத்தான் கேட்டார்: “பொம்பளப் புள்ள கொல பண்ணலாமாடி?” அந்த அம்மா ஞாயிறுதோறும் கோழி கழுத்தைத் திருகியவர், கெடா வெட்டில் குடல் அலசியவர். கொலையின் நாற்றமெல்லாம் பெண் கைக்கு வரலாம், முடிவு மட்டும் வரக்கூடாது. இறைச்சியே தொடாத தோழிகளோடு எனக்குச் சண்டை இல்லை, அது வேறு நேர்மை. கடையில் வெட்டி வாங்கிச் சமைத்துவிட்டு, வில்லெடுத்தவளிடம் தாய்மையைப் பற்றிப் பேசுபவர்களோடுதான் சண்டை. உடனே யாரும் வில்லோடு மேற்குத்தொடர்ச்சி மலைக்குக் கிளம்ப வேண்டாம். இங்கே 1972ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். கொலராடோவில் இரண்டரை லட்சத்துக்கும் மேல் எல்க் உண்டு, வேட்டை உரிமப் பணம் அவற்றைக் காக்கும் துறைக்குப் போகிறது. அந்த மலைகள் 1881இல் யூட் மக்களைத் துரத்திப் பறித்தவை என்பதையும் மறக்கக்கூடாது. அங்கே யாருடைய வேட்டையும் குற்றமற்றதில்லை, என் மாணவியுடையதும்.

வில் வேட்டைச் சாதனைகளைப் பதிவுசெய்யும் போப் அண்டு யங் சங்கம் 1961இல் தோன்றியது. அதன் ஏட்டில் எல்க்குக்கு இடம் கிடைக்க வேண்டுமானால் கொம்பின் அளவு 260 அங்குலப் புள்ளியை எட்ட வேண்டும். பிணைக்குக் கொம்பு கிடையாது. ஆகவே எத்தனை சுத்தமாக, எத்தனை அருகில் நெருங்கி, எத்தனை விரைவில் சாகும்படி எய்தாலும் பிணையை எய்தவள் அந்த ஏட்டில் இல்லை. இறைச்சிக்கும் இடமில்லை.

இந்தச் செப்டம்பருக்கு அவள் எடுக்கப்போவது பிணையும் அனுமதிக்கும் உரிமம். நாற்பத்தைந்து பவுண்டு வில், கோடு அதே இருபத்தைந்து மீட்டர். கூட வருவது பயிலரங்கில் பழக்கமான இன்னொரு பெண். பழைய கூடாரத்துக்கு அவள் திரும்பவில்லை. விழுந்த விலங்கின் தோலைச் சீக்கிரம் உரித்து, தொடையும் சப்பையும் பிரித்து, துணிப்பையில் கட்டி நிழலில் தொங்கவிட வேண்டும். சூடு தங்கினால் கறி கெட்டுவிடும். எலும்பு நீக்கிய கறியே அறுபது எழுபது கிலோ தேறும். மூவாயிரம் மீட்டர் உயரத்திலிருந்து இருவர் முதுகில் இறக்க இரண்டு நடை, தூரமானால் மூன்று. இப்போது தினமும் விடிகாலையில் முதுகுப்பையில் அரிசி மூட்டை வைத்துக்கொண்டு மேடேறுகிறாள். மூட்டு எங்கே பிரியும், கத்தி எப்படி நுழையும் என்பதை மட்டும் அங்கே யாரிடமும் கேட்கவில்லை. அம்மாவிடம் கேட்டுக்கொண்டாள்.