தவிசாளர்களே, கைவிரிக்காதீர்!

"வேக எல்லை கொழும்பின் அலுவல்; எமக்கு அதிகாரமில்லை" எனப் பிரதேச சபைகளில் கைவிரிப்போர் உளர். பாதி உண்மை. 1951ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துச் சட்டம் அவ்வதிகாரத்தை மத்தியிலேயே வைத்திருக்கின்றது. ஆயின் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் கிராம வீதிகளை யாரிடம் ஒப்படைத்தது? சபைகளிடமன்றோ!

விடியுமுன் மரக்கறி மூடையுடன் மோட்டார் சைக்கிளிற் சுன்னாகம் சந்தைக்கு விரையும் கமக்காரனை வீழ்த்துவன எவை? வளைவை மறைக்கும் வேலிக் கதியால், மூடாத குழி, கட்டற்ற மதகு. இவற்றைச் சீராக்க வர்த்தமானி அறிவித்தல் வேண்டுமோ? வேகம் பாதியானால் மோதலின் வலு நாலிலொன்றாகும். சந்திகளில் வேகத்தடை இடுங்கள். வெள்ளை பூசாத வேகத்தடையோ இருளில் தானே ஒரு கொலைப்பொறி!

2025 மே மாதத் தேர்தலில் இதே ஒழுங்கைகளால் வாக்குக் கேட்டு வந்தவர்கள், அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் இதற்கு எவ்வளவு ஒதுக்குவர்? உங்கள் வட்டார உறுப்பினரிடம் எழுத்திற் கேளுங்கள். பதிலையும் எழுத்திலேயே பெறுங்கள்.