பயிற்சி மலையேறி வர வேண்டும்

வட்டவடையைக் கேரளத்தின் காய்கறிக் கூடை என்று புகழாதவர் இல்லை. மூணாறிலிருந்து சுமார் 45 கிலோ மீட்டர் தூரத்தில், தமிழக எல்லையை ஒட்டிய இந்த இடுக்கி மாவட்டப் பஞ்சாயத்தில் உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ், பூண்டு எல்லாம் படிக்கட்டு நிலங்களில் விளைகின்றன. பயிரிடுவோரில் பெரும்பாலோர் தமிழர்கள். கூடை நிறைந்தாலும் பயிரிட்டவன் மடி நிறைவதில்லை என்பதுதான் வேதனை.

காரணம் ஊரறிந்ததே. அறுவடை எல்லாருக்கும் ஒரே சமயத்தில் வருகிறது. முட்டைக்கோஸில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அதை வைத்துக் காக்க முடியாது. விலை சொல்பவர் வியாபாரி, தலையாட்டுபவர் விவசாயி. அரசுக் கொள்முதலில் பணம் தாமதமாகிறது என்பதும் இங்கே பழைய புகார்.

காந்தல்லூர் வட்டவடை வெள்ளைப்பூண்டிற்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதற்குத் துணை நின்ற கேரள வேளாண் பல்கலைக்கழகம் பாராட்டுக்குரியது. ஆனால் முத்திரை மட்டும் சோறு போடாது. பக்கத்து மறையூர் வெல்லம் 2019இல் குறியீடு பெற்றது. வெளியூர்ச் சரக்கை மறையூர்ப் பெயரில் விற்கிறார்கள் என்ற புகார் அதனோடு ஓய்ந்துவிடவில்லை.

முத்திரைக்கு அடுத்த படி பதப்படுத்தும் தொழில். அதற்கு ஆராய்ச்சியாளரும் தொழில் நடத்துவோரும் விவசாயியும் ஒரே இடத்தில் அமரும் பயிற்சி முகாம்கள் தேவை. இது வீண் பேச்சல்ல. கேரட்டை உலர்த்துமுன் கொதிநீரில் சற்று வாட்டி எடுத்தால் நிறம் நிற்கும். அதையே பூண்டிற்குச் செய்தால் அதன் காரமும் மணமும் போய்விடும். பூண்டை மிதமான சூட்டில்தான் உலர்த்த வேண்டும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் இயந்திரம் வாங்கினால் கடன்தான் மிஞ்சும்.

சொல்லிக்கொடுக்க நிறுவனங்களுக்குப் பஞ்சமில்லை. மைசூரில் 1950 முதல் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. 2020இல் மத்திய அரசு தொடங்கிய சிறு உணவுத் தொழில் திட்டத்தில், தனி நபர் தொழிலுக்குச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியத்திற்கும், பயிற்சிக்கும் வகை செய்யப்பட்டது.

ஆனால் வெள்ளானிக்கரையிலோ மைசூரிலோ முகாம் நடந்தால், மாடும் பயிரும் வைத்திருப்பவர் நான்கு நாள் எப்படிப் போவார்? பாம்பாடும் சோலை வனப்பாதையைக் கடந்து வேறு போக வேண்டும். போனாலும் பாடம் ஆங்கிலத்தில் என்றால் பயன் என்ன?

ஆகவே, கோவிலூரிலேயே, வேலை குறைந்த மாதத்தில், தமிழில் முகாம் நடக்க வேண்டும். வெள்ளானிக்கரையும் தஞ்சாவூரும் கைகோத்தால் மொழி ஒரு தடையல்ல. சரக்கு வாங்கும் கம்பெனிக்காரரும் வந்து, எந்தத் தரம், எவ்வளவு எடை, என்ன விலை என்று விவசாயிகள் முன்னிலையில் சொல்ல வேண்டும். அரை ஏக்கர்க்காரர் தனியே அந்த அளவைத் தர முடியாது என்பது உண்மையே. கூட்டுச் சங்கமாகச் சேர்வது விவசாயிகளின் கடமை.

சான்றிதழும் குரூப் போட்டோவுமாக முகாம் முடிந்துவிடக் கூடாது. அடுத்த அறுவடையில் எத்தனை மூட்டை பூண்டு பதமாகி நல்ல விலைக்குப் போயிற்று என்பதே அதன் பரீட்சை. பஞ்சாயத்தும் பல்கலைக்கழகமும் இதற்கு ஆவன செய்ய வேண்டும்.