மரத்தில் காய்த்த வாத்து

வாத்து எப்படிப் பிறக்கிறது என்று உங்கள் வீட்டுக் குழந்தை கேட்டால் என்ன சொல்வீர்கள்? "முட்டையிலிருந்துதான், அசடே!" என்று சொல்லிவிட்டு அடுப்பில் கொதிக்கும் ரசத்தைக் கவனிக்கப் போய்விடுவீர்கள். அப்படிச் சுலபமாகச் சொல்லிவிட முடியாத காலம் ஒன்று இருந்தது. ஐரோப்பாவில் சுமார் 400 வருஷ காலம், நன்றாகப் படித்தவர்கள்கூட, ஒரு ஜாதி வாத்து முட்டையிலிருந்து வருவதில்லை, கடலோரத்தில் மரத்தில் காய்த்துத் தொங்குகிறது என்று நம்பிக் கொண்டிருந்தார்கள்!

சும்மா நம்பவில்லை, நேயர்களே! கண்ணால் கண்ட சாட்சிகள் இருந்தார்கள். புத்தகத்தில் படம் போட்டிருந்தார்கள். விரத நாளில் அந்த வாத்தைச் சாப்பிடலாமா, கூடாதா என்று பெரிய பெரிய பண்டிதர்கள் வாதம் செய்தார்கள். உலகத்தில் இல்லவே இல்லாத ஒரு பிராணிக்கு இவ்வளவு உபசாரம் நடந்திருக்கிறது. இந்த வாரம் அந்தக் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அயர்லாந்து, ஸ்காட்லாந்து கடற்கரைகளுக்குக் குளிர் காலத்தில் கூட்டம் கூட்டமாக ஒரு பறவை வரும். கரிய கழுத்து, வெள்ளை முகம், சாம்பல் நிறத்தில் வரி வரியாக முதுகு. நம் ஊர் வாத்துக்கு அண்ணன் என்று வைத்துக் கொள்ளுங்களேன். பார்னக்கிள் வாத்து என்று அதற்குப் பெயர். ஐப்பசியில் வந்து இறங்கினால், சித்திரை வைகாசியில் எழும்பிப் போய்விடும். முட்டையிடும் பருவத்தில் அது அங்கே இருப்பதே இல்லை. அதனால் அதன் கூட்டைப் பார்த்தவர் கிடையாது. முட்டையைப் பார்த்தவர் கிடையாது. நம் திருநெல்வேலிச் சீமையில் கூந்தன்குளத்துக்குக் குளிர் காலத்தில் வரும் பட்டைத்தலை வாத்தும் இப்படித்தான். வருவதும் போவதும் ஊரார் கண்ணில் படும்; அது கூடு கட்டுவதோ, எங்கோ மத்திய ஆசியாவின் மேட்டு நிலத்தில்.

இது ஒரு பக்கம் இருக்கட்டும். அதே அயர்லாந்துக் கடற்கரையில், புயல் அடித்து ஓய்ந்த பிறகு, பழைய மரக்கட்டைகள் வந்து ஒதுங்கும். அவற்றில் கொத்துக் கொத்தாக ஒரு ஜந்து ஒட்டிக் கொண்டிருக்கும். மெத்தென்று நீளமான காம்பு. வாத்தின் கழுத்தைப் போலவே இருக்கும். நுனியில் வெள்ளை ஓடு. அலகுள்ள தலையைப் போலவே இருக்கும். ஓடு கொஞ்சம் திறந்தால் உள்ளேயிருந்து இறகு மாதிரி மெல்லிய இழைகள் எட்டிப் பார்க்கும்.

கூடு இல்லாத வாத்து ஒன்று. இறகு உள்ள காய் ஒன்று. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள்!

முடிச்சுப் போட்டதோடு நிற்கவில்லை. அந்த வாத்தின் ஜாதகத்தையே கணித்து விட்டார்கள். முதலில் மரத்திலிருந்து பிசின் போல ஒன்று கசியுமாம். அது இறுகி ஓடாகுமாம். ஓட்டுக்குள் இறகு வளருமாம். காலம் வந்ததும் ஓடு வெடித்து, குஞ்சு அலகால் தொங்கிக் கொண்டிருக்குமாம். தண்ணீரில் விழுந்தால் பிழைத்து வாத்தாகுமாம். தரையில் விழுந்தால் செத்துப் போகுமாம். எல்லாம் யாரோ கூடவே இருந்து பிரசவம் பார்த்தது போல!

1185-ஆம் வருஷம் இங்கிலாந்து ராஜகுமாரன் ஜானோடு அயர்லாந்து போனார் ஜெரால்டு என்ற வேல்ஸ் தேசத்துப் பாதிரியார். திரும்பி வந்து அந்த நாட்டைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஒரே மரக்கட்டையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வாத்துக் குஞ்சுகள் ஓட்டுக்குள் தொங்குவதைத் தாமே பல முறை பார்த்ததாக அதில் சாட்சி சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொன்னார் என்று நினைக்க வேண்டாம். கட்டையைப் பார்த்தது உண்மை. ஓட்டைப் பார்த்தது உண்மை. "குஞ்சு" என்பதை மட்டும் மனசு சேர்த்துக் கொண்டது.

மனசு ஏன் சேர்த்துக் கொண்டது? இங்கேதான் சமையலறை வருகிறது.

அந்தக் காலத்துக் கிறிஸ்தவர்கள் ஈஸ்டருக்கு முன்னால் 40 நாள் தவக்காலம் அனுஷ்டிப்பார்கள். மாமிசம் கூடாது. மீன் சாப்பிடலாம். குளிரோ எலும்பைத் துளைக்கிறது. தினமும் உப்புக் கண்டம் போட்ட மீனையே தின்று நாக்கு செத்துக் கிடக்கிறது. வாசலிலோ கொழுகொழுவென்று வாத்துகள் மேய்கின்றன! இந்தச் சமயத்தில் ஒருவர் வந்து, "இது மாமிசமே இல்லை, தாயும் இல்லாமல் தகப்பனும் இல்லாமல் மரத்தில் உண்டானது" என்று சொன்னால், யார்தான் குறுக்குக் கேள்வி கேட்பார்கள்? அயர்லாந்தில் சில இடங்களில் பிஷப்புகளே விரத நாளில் கூசாமல் இதைச் சாப்பிட்டார்கள் என்று அதே ஜெரால்டு எழுதியிருக்கிறார். அவருக்கு அது பிடிக்கவில்லை. "ஆதாமும் தாய் வயிற்றில் பிறக்கவில்லை, அதற்காக அவன் தொடையைக் கடித்துவிட்டு, மாமிசம் தின்னவில்லை என்று சொல்ல முடியுமா?" என்ற அர்த்தத்தில் ஒரு போடு போடுகிறார். வாத்து மரத்தில் காய்க்கிறது என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே இல்லை!

யூதர்களுக்கும் இதே தலைவலி வந்தது. இது பறவையா, மீனா, பழமா? 1171-ல் காலமான பிரெஞ்சு தேசத்து யூத அறிஞர் யாக்கோப் தாம், மற்றப் பறவைகளைச் சாஸ்திரப்படி அறுப்பது போலவே இதையும் அறுத்துத்தான் சாப்பிட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். 1215-ல் போப்பாண்டவர் மூன்றாம் இன்னசென்ட், தவக்காலத்தில் இதைத் தொடக் கூடாது என்று தடுத்ததாக அந்த நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். சட்டம் வந்தது, தீர்ப்பு வந்தது. ஆனால், அந்த ஓட்டைப் பிளந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

தோன்றியது ஒரு சக்கரவர்த்திக்கு. ஜெர்மனியையும் இத்தாலியின் பெரும் பகுதியையும் ஆண்ட இரண்டாம் பிரெடரிக்குக்குப் பறவைகள் என்றால் உயிர். வல்லூறு கொண்டு வேட்டையாடுவதைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதியவர். 1250-ல் காலமான அவர், வடக்கே ஆளனுப்பி, ஓடு ஒட்டிய கட்டைகளை வரவழைத்தார். ஓட்டைத் திறந்து பார்த்தார். பறவையின் ஜாடை கொண்ட எதுவும் உள்ளே இல்லை. "இந்த வாத்து மனிதர் போகாத தூர தேசத்தில் கூடு கட்டுகிறது. அது தெரியாததால் கதை கட்டிவிட்டார்கள்" என்று எழுதி வைத்தார். பார்த்தீர்களா! ஒரு கட்டை, ஒரு கத்தி, கொஞ்சம் பொறுமை. விஷயம் அன்றைக்கே முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை! 1597-ல் லண்டனில் ஜான் ஜெரார்டு என்ற ரண வைத்தியர் ஒரு பெரிய மூலிகைப் புத்தகம் வெளியிட்டார். எந்த வியாதிக்கு எந்தப் பச்சிலை என்று அறிய ஜனங்கள் நம்பிப் புரட்டிய புத்தகம். அதன் கடைசியில் இருக்கிறது வாத்து மரம்! கிளையெல்லாம் ஓடு காய்த்துத் தொங்க, கீழே தண்ணீரில் வாத்துகள் நீந்த, அழகான படம். இங்கிலாந்தின் லங்காஷயர் கரையோரத்தில் ஒரு தீவில், உடைந்த கப்பல் கட்டைகளில் தாமே கண்ணால் கண்டு கையால் தொட்டதாகச் சத்தியம் செய்கிறார். நல்ல வாத்து ஒன்று மூன்று பென்னிக்குக் கிடைக்கும் என்று விலையும் கொடுத்திருக்கிறார். ஆள் கடைத்தெரு விஷயத்தில் கெட்டிக்காரர்தான்!

இதில் ஒரு வேடிக்கை. அந்தப் புத்தகம் வருவதற்கு ஒரு வருஷம் முன்பே, 1596-ல், வில்லெம் பாரென்ட்ஸ் என்ற டச்சு மாலுமியின் கோஷ்டி வட துருவத்துக்கு அருகே ஸ்பிட்ஸ்பெர்கன் தீவில் இறங்கியிருந்தது. அங்கே இந்த வாத்தின் நெருங்கிய உறவான இன்னொரு ஜாதி, சாவகாசமாக முட்டைகளின் மேல் உட்கார்ந்து அடை காத்துக் கொண்டிருந்தது! டச்சுக்காரர்களும் அந்த ஜாதி மரத்தில் காய்ப்பதாகத்தான் கேள்விப்பட்டிருந்தார்கள். இவ்வளவு தூரம் இதுவரை யாரும் வந்ததில்லை, அதனால்தான் முட்டை விஷயம் வெளியே தெரியவில்லை என்று அந்தப் பிரயாணத்தை எழுதிய கெரிட் டி வேர் 1598-ல் அச்சிலேயே சொல்லிவிட்டார். அப்புறமும் மரக்கதை சீக்கிரம் சாகவில்லை.

சரி, கட்டையில் ஒட்டியிருந்தது என்ன? நம் கடற்கரையில் படகுகளின் அடியில் சொரசொரவென்று ஒட்டிக் கொள்கிறதே, கொட்டலசு என்று சொல்வார்களே, அந்தக் குடும்பம்தான். பறவையின் பெயரையே அதற்கும் வைத்து, ஆங்கிலத்தில் பார்னக்கிள் என்றே அழைக்கிறார்கள். வெகு நாள் வரை அதைச் சிப்பி, நத்தைகளோடு சேர்த்து வைத்திருந்தார்கள். 1830-ல் ஜான் வாகன் தாம்ஸன் என்ற ராணுவ வைத்தியர், அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தில் ஆராய்ந்து, அது இறால், நண்டுகளுக்குப் பங்காளி என்று காட்டினார். குஞ்சாக இருக்கும்போது சுதந்திரமாக நீந்தித் திரியும். பிறகு ஓரிடத்தில் தலையை ஒட்டிக் கொண்டு, ஓடு கட்டிக் கொண்டு, ஆயுசு பூராவும் அங்கேயே குடித்தனம் நடத்தும். இறகு என்று நினைத்தார்களே, அவை அதன் கால்கள்! ஆறு ஜோடிக் கால்களைச் சல்லடை போல வீசித் தண்ணீரிலிருந்து தீனி வடித்துத் தின்கிறது. தலையால் நின்று காலால் சாப்பிடும் பிராணி! வாத்து மரத்தைவிட இது என்ன குறைந்த அதிசயமா?

பழைய கதைக்கு விஞ்ஞானமும் ஒரு மரியாதை செய்து வைத்திருக்கிறது. ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் இந்த ஜந்துக்கு லெபாஸ் அனாடிஃபெரா என்று பெயர் வைத்தார். "வாத்தைச் சுமப்பது" என்று அர்த்தம்.

இனி வாத்தின் நிஜமான பிறப்பைக் கேளுங்கள். கிரீன்லாந்திலும் ஸ்பிட்ஸ்பெர்கனிலும், நரிகள் ஏற முடியாத செங்குத்தான பாறை முகடுகளில் பல ஜோடிகள் கூடு கட்டுகின்றன. இந்த வாத்துக்கு ஆகாரம் புல். முகட்டில் புல் ஏது? காக்கை, குருவி போல இது குஞ்சுக்கு இரை கொண்டு வந்து ஊட்டுவதும் இல்லை. ஆகவே, பொரித்து இரண்டொரு நாளே ஆன, பறக்கத் தெரியாத குஞ்சுகள் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். சில இடங்களில் அந்தப் பாறை 100 மீட்டருக்கு மேல் உயரம். தாய் முதலில் பறந்து இறங்கி, கீழேயிருந்து குரல் கொடுக்கிறது. குஞ்சு விளிம்பில் நின்று எட்டிப் பார்க்கிறது. பிறகு குதிக்கிறது! பஞ்சு போன்ற உடம்பு. பாறையில் பட்டு, எழும்பி, மறுபடி பட்டு, உருண்டு வந்து விழுகிறது. எல்லாம் பிழைப்பதில்லை. கீழே நரி காத்திருக்கிறது. பிழைத்தவற்றைக் கூட்டிக் கொண்டு தாயும் தகப்பனும் புல்வெளிக்கு நடக்கின்றன. தாயும் தகப்பனும் இல்லாத பிறவி என்றார்களே, அந்தப் பறவைதான்!

"இருக்கட்டுமே, கதை சுவாரசியமாகத்தானே இருக்கிறது, நம்பினால் என்ன நஷ்டம்?" என்று நீங்கள் கேட்கலாம். நஷ்டம் உண்டு. மரத்தில் காய்ப்பது என்றால் எத்தனை பறித்தாலும் கவலையில்லை. அடுத்த வருஷம் மரம் மறுபடி காய்க்கும். கூட்டில் முட்டையிட்டு, குஞ்சைப் பறி கொடுத்து, மிஞ்சியதை வளர்ப்பது என்றால் கணக்குப் பார்த்தாக வேண்டும். ஸ்பிட்ஸ்பெர்கனிலிருந்து சுமார் 3,000 கிலோமீட்டர் பறந்து ஸ்காட்லாந்தின் ஸால்வே கரைக்கு வரும் கூட்டம், 1940-களின் கடைசியில் ஏறக்குறைய 300 பறவையாகக் குறைந்து போயிற்று. பிறகுதான் கணக்குப் பார்த்தார்கள். 1954-ல் பிரிட்டனில் சட்டம் போட்டுச் சுடுவதைத் தடுத்தார்கள். மறு வருஷம் நார்வே, கூடு இருக்கும் தீவுகளிலும் தடுத்தது. 1957-ல் ஸால்வே கரையில் சரணாலயம் அமைந்தது. பறவைகள் பெருகிப் பெருகி 40,000 அளவுக்கு வந்தன. 2021-22 குளிர் காலத்தில் பறவைக் காய்ச்சல் வந்து அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கை அடித்துக் கொண்டு போயிற்று. கூடு எங்கே, வழி எங்கே, எண்ணிக்கை எவ்வளவு என்று தெரிந்திருந்ததால்தான், போனது எவ்வளவு என்றாவது தெரிந்தது.

ஆகவே சகோதரிகளே, நம் நாக்குக்கும் மனசுக்கும் சௌகரியமான சமாசாரம் வரும்போதுதான் அதிகச் சந்தேகம் வேண்டும். இப்போது அது கைப்பேசியில் வருகிறது. "இந்தப் பச்சிலையைத் தின்றால் சர்க்கரை வியாதி அடியோடு போய்விடும், மாத்திரையை நிறுத்திவிடலாம்" என்று வரும். கூடவே படம் இருக்கும். கண்ணால் கண்டு கையால் தொட்டதாகச் சத்தியம் செய்ய ஒருவரும் இருப்பார். நம்புவதற்கு முன்னால், மாமியாருக்கு அரைத்துக் கொடுப்பதற்கு முன்னால், பக்கத்து வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால், தெரிந்த வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஓட்டைப் பிளந்து பாருங்கள். உள்ளே இருப்பது வாத்தா, இறாலின் பங்காளியா என்று அப்போது தெரிந்துவிடும்!