கூடு இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் வெட்டுவோம்

ஓம் சரவணபவ.

பங்குனி உத்திரத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கு. இந்த ஞாயிறு காலை ஏழரை மணிக்கு கோத்தோங் ரோயோங் வெச்சிருக்கோம். அதுக்கு முன்னாடி தொண்டூழியர்கள் நாங்கள் ஒரு விஷயத்தை மனசு விட்டுச் சொல்லணும். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

போன வருஷமும் இதே மாதிரி உத்திரத்துக்கு முன்னாடி துப்புரவு வேலை செய்தோம். நந்தவனத்தில் மதில் ஓரமா இருக்கிற வெட்சிச் செடி, அதாங்க நாம இட்லிப்பூன்னு சொல்றது, ஆள் உயரத்துக்கு வளர்ந்து கிடந்தது. மெஷினை வெச்சு இருபது நிமிஷத்தில் சமமா வெட்டிட்டோம். வெட்டினதை அள்ளி கறுப்புப் பையில் போடும்போதுதான் பூ கட்டும் அம்மா ஒருத்தர் சத்தம் போட்டாங்க. கிண்ணம் மாதிரி ஒரு கூடு. உள்ளே இரண்டு குஞ்சு. கண்ணுகூட திறக்கல. ஒண்ணு அப்பவே போயிடுச்சு. இன்னொண்ணு மத்தியானம் வரைக்கும் தாங்குச்சு.

தாய்க்குருவி வாயில் புழுவோட வந்தது. கூடு இருந்த இடத்தில் ஒண்ணும் இல்ல. மதில் மேல உக்காரும், செடிக்குப் போகும், திரும்ப மதிலுக்கு வரும். சாயரட்சை பூசைக்கு மணி அடிக்கும்போதும் அங்கேயேதான் சுத்திக்கிட்டு இருந்தது. அன்னைக்கு தீபாராதனை நேரத்தில் கையெடுத்துக் கும்பிட எங்களுக்குக் கூசியது. அதுக்கப்புறம் யாரும் இதைப் பத்திப் பேசல. பேசாம விட்டது தப்பு. அதனாலதான் இப்ப எழுதுறோம்.

இந்த வருஷமும் அதே வெட்சியில் கூடு இருக்கு. வாலுக்குக் கீழே மஞ்சளா இருக்குமே, மலாய்க்காரர்கள் மெர்பான்னு சொல்ற கொண்டைக்குருவி, அதுதான். குஞ்சு பொரிச்சு இரண்டு நாள் ஆகுது. இன்னொரு கூடு ஆபீஸ் பக்கத்து கார் நிறுத்துற கூரைக்குக் கீழே, பழைய வயரில் தொங்குது. அது தேன்சிட்டு. சிலந்தி வலையையும் காய்ஞ்ச புல்லையும் வெச்சுப் பின்னி, வாசலுக்கு மேல மழை படாம ஒரு சின்னத் தாழ்வாரம் கூட வெச்சிருக்கு. கட்டினது பெண் குருவி மட்டும். ஆண் பக்கத்தில் நின்னு பாத்துக்கிட்டு இருந்தது. நம்ம ஆண்கள் சிலரும் அப்படித்தான்னு சமையல் கட்டில் பேச்சு!

கூட்டத்தில் பெரியவர் ஒருத்தர் கேட்டார், "ஏன்யா, திருவிழாவுக்கு வர்ற ஜனம் நந்தவனம் காடு மாதிரி கிடக்குன்னு பேசாதா?" நியாயமான கேள்வி. அதுக்குக் கணக்கோட பதில் சொல்றோம்.

கொண்டைக்குருவி இரண்டு மூன்று முட்டைதான் போடும். அடைகாக்க இரண்டு வாரத்துக்குள்ள, குஞ்சு வெளியே வர அதுக்கப்புறம் இரண்டு வாரத்துக்குள்ள. மொத்தமே ஒரு மாசம் ஆகாது. இப்ப குஞ்சு பொரிச்சாச்சு. இரண்டு வாரம் பொறுத்தா கூடு காலி. அதுக்கப்புறமும் திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கு. இருபது நிமிஷ வேலையை ஒரு வாரம் இருக்கும்போது செய்ய முடியாதா? தேன்சிட்டுக் கூடு மட்டும் திருவிழா அன்னைக்கும் இருக்கும். அந்த ஒரு மூலையில் சீரியல் லைட் கட்ட வேண்டாம், அவ்வளவுதான் கேக்குறோம்.

நாங்கள் ஃபேக்டரியில் சூப்பர்வைசர் வேலை பார்க்கிறவர்கள். மெஷினுக்குள்ள ஆள் கை வெச்சு ரிப்பேர் செய்யும்போது சுவிட்சைப் பூட்டி, சிவப்பு அட்டை ஒண்ணு தொங்க விடுவோம். அந்த அட்டை இருக்கிற வரைக்கும் மேனேஜரே வந்தாலும் சுவிட்சைத் தொட முடியாது. உள்ளே ஒரு உயிர் இருக்குன்னு அர்த்தம். அதே முறையை இங்கேயும் வைப்போமே. ஞாயிறு அன்னைக்கு கத்தி, மெஷின் எதையும் எடுக்கும் முன்னாடி இரண்டு பேர் பத்து நிமிஷம் எல்லாச் செடியையும் விலக்கிப் பார்ப்பாங்க. கூடு இருந்தா, ஒரு குச்சியில் சிவப்பு ரிப்பன் கட்டி கொஞ்சம் தள்ளி நட்டு வைப்போம். கூட்டுக்குப் பக்கத்திலேயே கட்டக் கூடாது. காக்காவுக்கும் பூனைக்கும் நாமே வழி காட்டின மாதிரி ஆயிடும். ரிப்பன் இருக்கிற இடத்தை யாரும் வெட்டக் கூடாது, தலைவர் சொன்னாலும் சரி.

இன்னொரு பக்கமும் சொல்லணும். குருவி மேல இரக்கம் என்றால் எல்லாத்தையும் அப்படியே விடுறதுன்னு அர்த்தம் இல்ல. கோபுரத்தில் சுதைச் சிற்பங்களுக்கு நடுவில் புறாவும் மைனாவும் அடையுது. எச்சத்தில் வர்ற விதையிலிருந்து அரசும் ஆலும் முளைச்சு, வேர் உள்ளே இறங்கி விரிசல் விடுது. கும்பாபிஷேகத்துக்குச் செலவழிச்ச பணம் பக்தர்களோட வியர்வை. அதைக் காப்பாத்துறதும் எங்க கடமை. ஆனா எப்ப செய்யறோம் என்பதுதான் கேள்வி. குஞ்சு பறந்த பிறகு சந்தை அடைச்சு வலை போட்டா, அது வேற இடம் பாத்துக்கும். முட்டையோட அடைச்சா அது கொலை.

அதே மாதிரி, புறாவுக்கு அரிசி போடுற பழக்கத்தையும் தயவுசெய்து நிறுத்துங்க. புண்ணியம்னு நினைச்சுத்தான் போடுறீங்க, எங்களுக்குத் தெரியும். ஆனா மிச்ச அரிசிக்கு ராத்திரி எலி வருது. சோறு சும்மா கிடைக்கிற இடத்தில் புறா இன்னும் பெருகுது, கோபுரத்தில் இன்னும் கூடு கட்டுது. அப்புறம் அதையே பிடுங்கிப் போட வேண்டி வருது. சின்னக் குருவிகளுக்கு வேண்டியது அரிசி இல்ல. பூச்சியும், பூவும், ஒளிஞ்சுக்க ஒரு புதரும்தான்.

வீட்டிலேயும் இது நடக்கும். கார் போர்ச்சில், பூந்தொட்டியில், ஏசி பெட்டி மேலே கூடு கட்டினா பயப்பட வேண்டாம். ஒரு மாசத்தில் அதுவே போயிடும். எச்சம் விழுந்தா கீழே பழைய பேப்பர் போடுங்க. போட்டோ எடுக்கப் பக்கத்தில் போய்ப் போய் நிக்காதீங்க. பயந்தா தாய் கூட்டை விட்டுப் போயிடும். இறகு முளைச்ச குஞ்சு தரையில் தத்தித் தத்திப் போனா அது பறக்கப் பழகுது. பூனை வராத கிளையில் விட்டா போதும், தாய் பக்கத்திலேயேதான் இருக்கும். இறகு இல்லாத குஞ்சு விழுந்தா எடுத்து கூட்டிலேயே வைக்கலாம். மனுஷன் கை பட்டா தாய் சேத்துக்காதுன்னு சொல்றது உண்மை இல்ல. பால் ஊத்தாதீங்க, ரொட்டி ஊட்டாதீங்க. நல்லா பாடுதேன்னு முராய் குஞ்சைக் கூண்டில் போடுறதும் வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2010-லிருந்தே இருக்கு, பெர்ஹிலித்தான் வந்து கேட்டா பதில் சொல்லணும். ஆனா சட்டத்துக்குப் பயந்து செய்ய வேண்டிய காரியமா இது?

தமிழ்நாட்டுக்கு யாத்திரை போனவங்க வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போயிருப்பீங்க. அந்த ஊரோட பழைய பேர் புள்ளிருக்குவேளூர். புள் என்றால் பறவை, ஜடாயு. இருக்கு என்றால் ரிக் வேதம். வேள் நம்ம முருகன். ஊர் சூரியன். இந்த நாலு பேரும் பூசித்த தலம் என்பது ஐதீகம். அந்த வரிசையில் முதல் பேர் யாருக்கு என்று பாருங்க. வேதத்துக்கும் முன்னாடி ஒரு பறவை. அங்கே ஜடாயு குண்டத்துச் சாம்பலைத் திருநீறாகப் பூசிக்கொள்கிறோம். இங்கே மயிலுக்கு அபிஷேகம் செய்கிறோம், சேவல் கொடியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கிறோம். கல்லில் இருக்கிற பறவைக்குக் குடம் குடமா பால். செடியில் இருக்கிற பறவைக்கு இரண்டு வாரம் கொடுக்கக் கூடாதா?

அதனால ஞாயிறு கட்டாயம் வாங்க. பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க, கூடு தேடுற வேலை அவங்களுக்குத்தான். பெரியவங்களை விட அவங்க கண்ணுக்கு சீக்கிரம் தெரியும். வெட்சியைத் தவிர மற்ற வேலை எல்லாம் உண்டு: கழுவுறது, தேரைத் துடைக்கிறது, சுற்றுப் பிரகாரம் கூட்டுறது. பசியாற இட்லி சாம்பார், உபயக்காரர் ஏற்பாடு.

போன வருஷம் செய்தது தெரியாமல் செய்தது. இந்த வருஷம் தெரியும்.

முருகன் துணை.
இப்படிக்கு, ஆலயத் தொண்டூழியர்கள்