துண்டுக்கு அடியில் பேசும் விலை

திருவண்ணாமலைத் தீபத்துக்குக் கூடும் மாட்டுச் சந்தையைப் பார்க்காத ஆரணிக்காரர் குறைவு. இருவர் கைமேல் துண்டைப் போட்டுக்கொள்வார்கள். உள்ளே விரல்கள் விலை பேசும். சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. கம்ப்யூட்டரில் மட்டுமே உள்ள கிரிப்டோ நாணயத்தைப் பற்றி அடிக்கப்படும் தம்பட்டத்தைக் கேட்கும்போது நமக்கு அந்தத் துண்டுதான் ஞாபகம் வருகிறது.

"இங்கே ரகசியம் இல்லை, சகலமும் பகிரங்கம்" என்கிறார்கள். அப்படியா?

சில்லறை ஜனங்களுக்கு அங்கே ஒரு விலைப்பலகை உண்டு. வாங்குவோர் விலையும் விற்போர் விலையும் அதில் வரிசையாக ஓடும். ஆயிரம் பிட்காயின் வைத்திருக்கும் பணமுதலை அந்தப் பலகைப் பக்கம் வருவதில்லை. வந்தால் சேதி தெரிந்து விலை சரிந்துவிடும்! ஆகவே அவன் ஐந்தாறு பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் "இன்ன நாணயம், இவ்வளவு, உன் விலை என்ன?" என்று கேட்டனுப்புகிறான். வாங்கவா, விற்கவா என்பதைக்கூடப் பல சமயம் சொல்வதில்லை. கம்பெனிகள் தனித்தனியே விலை அனுப்புகின்றன. அந்த விலைக்கு ஆயுள் சில விநாடிகளே. நல்லதை எடுத்துக்கொள்வான், பிடிக்காவிட்டால் விட்டுவிடுவான். 'விலை கேட்பு' என்பது இதுதான். பாரடைம் என்ற ஸ்தாபனம் இப்படிப்பட்ட பேரம் நடத்துகிறது; அங்கே பேசி முடித்தவை டெரிபிட் சந்தையில் பதிவாகின்றன. அந்த டெரிபிட்டை 290 கோடி டாலருக்கு வாங்குவதாக 2025 மே மாதம் அமெரிக்கக் கம்பெனியான கோயின்பேஸ் அறிவித்தது. துண்டுக்கு என்ன விலை, பாருங்கள்!

செல்போனில் ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கும் நம் வீட்டுப் பையனுக்கு என்ன கிடைக்கிறது? 'உடனே வாங்கு' என்ற பொத்தானும் ஒரே ஒரு விலையும். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவிலுள்ள இடைவெளி கம்பெனியின் பைக்குப் போகிறது. சர்க்காரோ 2022 ஏப்ரல் முதல் லாபத்தில் 30 சதவீதம் பிடிக்கிறது. ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் விடுவதில்லை. பையனுக்கு நியாய விலை கிடைத்ததா என்று கேட்கத்தான் ஆளில்லை.

இது ஏதோ அமெரிக்கச் சமாசாரம் என்று ஒதுக்க வேண்டாம், தோழர்களே! ஆரணியிலும் தேவிகாபுரத்திலும் கூலிக்குத் தறியில் உட்கார்ந்திருப்பவரைக் கேளுங்கள். பாவு முதலாளியுடையது, ஊடை முதலாளியுடையது, ஜரிகையும் அவருடையதே. நெய்த சேலையை நாலு கடையில் காட்டி "உன் விலை என்ன?" என்று கேட்க அவருக்கு வழியில்லை. நெல் மூட்டையோடு ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் போகும் விவசாயிக்காவது வியாபாரிகள் சீட்டில் விலை எழுதிப் போடுகிறார்கள், பிரித்ததும் விலை வெளியே வந்துவிடும், கட்டாவிட்டால் மறுக்கலாம். (எடை போடும்போது நடக்கும் கூத்து வேறு கதை.) நெய்கிறவருக்கோ ஒரு முதலாளி, ஒரு கூலி. அடுத்த தெருவில் அதே ரகத்துக்கு என்ன கூலி என்பது துண்டுக்கு அடியில்!

பத்துப் பேரிடம் விலை கேட்கும் உரிமை பணமுதலைக்கு மட்டும் சொந்தமா? தனி ஆள் கேட்டால் முதலாளிக்குக் காது கேட்காது. தெருவே சேர்ந்து கேட்கட்டும்: எந்த ரகத்துக்கு என்ன கூலி என்று ஒவ்வொரு பட்டு முதலாளியும் கடை வாசலில் எழுதி ஒட்டவேண்டும், கூட்டுறவுச் சங்கம் கொடுக்கும் கூலியையும் அதன் பக்கத்திலேயே எழுதவேண்டும்.