துபாயில் ஓட்டிய கார் அம்பத்தூருக்கு வருமா? - ‘ஃபாரின் வண்டி’ ஆசைக்கு முன் இதைப் படிச்சிடுங்க!

வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோ வந்து விழுகிறது. பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர். பெரிய டயர், மேலே ரூஃப் ரேக், முன்னால் வின்ச். கீழே ஒரே ஒரு வரி: ‘ஹிமாச்சல் ரெஜிஸ்ட்ரேஷன், பேப்பர்ஸ் பக்கா, என்.ஓ.சி. ரெடி.’ விலையைப் பார்த்தால், ஷோரூமில் புதுசாக எடுக்கும் ஒரு சாதா எஸ்.யூ.வி. அளவுக்குத்தான் இருக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடித்து, கையில் டீயோடு இதைப் பார்க்கிற யாருக்கும் மனசு லேசா ஆடத்தான் செய்யும்.

ஆடட்டும், தப்பில்லை. ஆனால், அட்வான்ஸை ஜி-பே பண்ணுவதற்கு முன்னால் கொச்சியில் நடந்ததைக் கொஞ்சம் பார்த்துவிடுங்கள்.

2025 செப்டம்பர் 23-ம் தேதி, கொச்சி சுங்கத் தடுப்புப் பிரிவு கேரளா முழுக்க ஒரே நேரத்தில் சோதனையில் இறங்கியது. பெயர் ‘ஆபரேஷன் நும்கோர்’. பூட்டானின் சோங்கா மொழியில் நும்கோர் என்றால் வாகனம். பூட்டானில் மலிவாகக் கிடைத்த பழைய லேண்ட் க்ரூஸர், டிஃபெண்டர் போன்ற வண்டிகளை எல்லை தாண்டிக் கொண்டுவந்து, போலி ஆவணங்களில் ஹிமாச்சல் போன்ற மாநிலங்களில் பதிவு செய்து விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. முதல் நாளே 36 வண்டிகள் பறிமுதல். துல்கர் சல்மான், பிருத்விராஜ் வீடுகளிலும் சோதனை நடந்ததால் செய்தி முழுக்க சினிமாப் பக்கம் போய்விட்டது.

நமக்கு முக்கியமானது வேறு. துல்கர் தரப்பு கேரள உயர் நீதிமன்றத்தில் சொன்னது என்ன தெரியுமா? ‘2004 மாடல் டிஃபெண்டர், செஞ்சிலுவைச் சங்கத்துக்காக இறக்குமதியான வண்டி என்று காட்டிய ஆவணங்களை நம்பித்தான் வாங்கினோம்.’ சுங்கத் துறையிடமே தற்காலிக விடுவிப்புக்கு விண்ணப்பிக்கும்படி நீதிமன்றம் சொன்னது. வக்கீல் வைத்து வாதாட வசதி இருக்கிறவருக்கே நிலைமை இது. வங்கிக் கடன் போட்டு வண்டி எடுக்கிற நமக்கு? வண்டி சுங்கத் துறை யார்டில் நிற்கும், இ.எம்.ஐ. மட்டும் மாதாமாதம் கரெக்டா ஓடும்.

சரி, இதுக்கு ஏன் பூட்டானைச் சுற்றி வரணும்? நேர் வழியில் கொண்டுவரக் கூடாதா? நேர் வழி இருக்கிறது. ஆனால், பழைய வண்டிக்கு அந்தக் கதவு கிட்டத்தட்ட மூடித்தான் இருக்கிறது. அது எப்படி மூடியிருக்கிறது என்று தெரிந்தால், அந்த வாட்ஸ்அப் வண்டி ஏன் அவ்வளவு சீப் என்பதும் உங்களுக்கே புரிந்துவிடும்.

பெட்டியில் அடங்காத பொருள்

ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வீட்டுக்கு ஒருத்தர் துபாய், சிங்கப்பூர், லண்டன் என்று இருக்கிற தெருக்கள் உண்டு. பத்து வருஷம் கழித்துத் திரும்பும்போது டி.வி., ஃப்ரிட்ஜ் எல்லாம் கன்டெய்னரில் வருகிறது. ‘அப்படியே காரையும் ஏத்திடலாமே’ என்று தோன்றுவது இயல்பு.

அங்கேதான் சிக்கல். 1962-ம் வருஷத்து சுங்கச் சட்டத்தின் ஆரம்பத்திலேயே, ‘பேகேஜ்’ என்றால் என்ன என்று சொல்லும் இடத்தில், மோட்டார் வாகனம் அதில் சேராது என்று எழுதிவிட்டார்கள். குடியிருப்பு மாறுகிறவர்களுக்கு வீட்டுச் சாமானில் கிடைக்கும் சலுகையை வண்டிக்கு நீட்ட முடியாது. உங்கள் கார் உங்களோடு வருகிற பொருள் இல்லை. அது தனியாக நடக்கும் ஒரு இறக்குமதி.

அந்த இறக்குமதிக்கு வெளிநாட்டு வணிக இயக்குநரகம் போட்டிருக்கும் நிபந்தனைகளில் முதல் இரண்டிலேயே பெரும்பாலான வண்டிகள் அவுட். பயன்படுத்திய கார் என்றால், தயாரித்த தேதியிலிருந்து மூன்று வருஷம் தாண்டியிருக்கக் கூடாது. நீங்கள் வாங்கிய தேதி இல்லை, தயாரித்த தேதி. அடுத்து, ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்க வேண்டும்.

துபாய், தோஹா, ரியாத், அமெரிக்கா, கனடா எல்லாம் இடது பக்க ஸ்டீயரிங் ஊர்கள். அங்கே வாங்கிய கார் நேற்றுதான் ஷோரூமிலிருந்து வந்தது என்றாலும், நீங்கள் எவ்வளவு வரி கட்டத் தயார் என்றாலும், பதில் ‘முடியாது’தான். மிச்சம் இருப்பது இங்கிலாந்து, சிங்கப்பூர், மலேசியா, ஆஸ்திரேலியா, ஜப்பான் மாதிரி நாடுகள். அதிலும் இங்கிலாந்து வண்டியில் ஸ்பீடாமீட்டர் மைலில் ஓடும். இங்கே கிலோமீட்டரில் இருக்க வேண்டும். ஹெட்லைட் இடப்பக்கம் ஓட்டும் சாலைக்கு ஏற்ற மாதிரி இருக்க வேண்டும். இறக்குமதியான நாளிலிருந்து இன்னும் ஐந்து வருஷமாவது ஓடத் தகுதியோடு இருக்க வேண்டும்.

இதையெல்லாம் தாண்டினாலும் வண்டி சென்னையில் இறங்காது. பூந்தமல்லி பக்கம் அவுட்டர் ரிங் ரோட்டில் கார் ஏற்றிய நீளமான டிரெய்லர்களைப் பார்த்திருப்பீர்கள். எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் கார் ஏற்றுமதி ஒரு பெரிய தொழில். ஆனால், பயன்படுத்திய கார் இந்தியாவுக்குள் நுழைய மும்பை துறைமுகம் மட்டும்தான் வாசல். அங்கிருந்து 1,300 கிலோமீட்டர் வீட்டுக்கு. (எண்ணூரை ஒட்டியே குடியிருப்பவர்களுக்கு இது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும்.)

10 லட்சம் எப்படி 40 லட்சம் ஆகிறது?

எல்லா நிபந்தனையும் பாஸ் ஆன ஒரு வண்டி. இரண்டு வயசு, வலது பக்க ஸ்டீயரிங், பெரிய இன்ஜின். சுங்கத் துறை போடும் மதிப்பு 10 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

2025 பட்ஜெட்டில் பயன்படுத்திய கார்களுக்கான அடிப்படைச் சுங்க வரியை 125 சதவிகிதத்திலிருந்து 70 ஆகக் குறைத்தார்கள். அதைப் பார்த்து சந்தோஷப்பட்டவர்கள் பக்கத்து வரியைப் படிக்கவில்லை. கூடவே 67.5 சதவிகிதம் விவசாய உள்கட்டமைப்பு செஸ் போட்டாயிற்று. இரண்டையும் கூட்டினால் 137.5. முன்பு 125-ம், அதன் மேல் சமூக நலக் கூடுதல் வரி 12.5-ம் சேர்த்து எவ்வளவோ, அதே எண். இடது பாக்கெட்டிலிருந்து வலது பாக்கெட்டுக்கு, அவ்ளோதான்.

ஆக 10 லட்சத்தோடு 13.75 லட்சம் சேர்ந்து 23.75 லட்சம். அதன் மேல் பெரிய கார்களுக்கான 40 சதவிகித ஜி.எஸ்.டி., 9.5 லட்சம். மொத்தம் 33.25 லட்சம். அடுத்து ஆர்.டி.ஓ. ஆபீஸ். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்கு ஆயுட்கால வரி 20 சதவிகிதம். அது 6.65 லட்சம். கப்பல் இறங்கிய பிறகு ஆகும் டெஸ்ட்டிங், லாரி, ஏஜென்ட் செலவைச் சேர்க்காமலே 40 லட்சத்தைத் தொட்டுவிட்டோம்.

‘ஃப்ரெண்ட் கிட்ட 5 லட்சத்துக்குத்தான் வாங்கினேன், பில் இருக்கு’ என்பதும் எடுபடாது. வண்டி புதிதாக இருந்தபோது என்ன விலையோ, அதிலிருந்து வயசுக்கு ஏற்ற தேய்மானத்தைக் கழித்துத்தான் மதிப்புப் போடுவார்கள்.

வரி விஷயத்தில் ஒரு கிளைக்கதை. விஜய் 2012-ல் இங்கிலாந்திலிருந்து ரோல்ஸ் ராய்ஸ் கோஸ்ட் இறக்குமதி செய்தார். சுங்க வரி கட்டிய பிறகும் தமிழ்நாடு அரசு நுழைவு வரி கேட்டது. வழக்குப் போட்டார். 2021 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி மனுவைத் தள்ளுபடி செய்து, காட்டமான கருத்துகளோடு ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் போட்டார். மேல்முறையீட்டில் அபராதத்துக்குத் தடை கிடைத்தது. 2022 ஜனவரியில் அந்தக் கருத்துகளும் நீக்கப்பட்டன. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததோடு நுழைவு வரி போய்விட்டது. ஒரு காருக்கான வரிப் பஞ்சாயத்து பத்து வருஷம் கோர்ட்டில் கிடந்தது என்பதைத்தான் இதில் கவனிக்கணும்.

மாடிஃபை பண்ணிய வண்டி என்றால்?

இன்னும் கஷ்டம். பயன்படுத்திய கார் கப்பலேறும் முன்னும் அங்கே டெஸ்ட் ஆக வேண்டும். வந்த பிறகும் புனே ஏ.ஆர்.ஏ.ஐ., அகமத்நகர் வி.ஆர்.டி.இ. மாதிரியான இடங்களில் டெஸ்ட் ஆக வேண்டும். (வி.ஆர்.டி.இ. வேறு யாருமில்லை, ஆவடியில் டாங்கி வடிவமைக்கிற நம்ம சி.வி.ஆர்.டி.இ.-யின் கூடப்பிறந்த நிறுவனம்தான்.) அதில் ஒரு நிபந்தனை, தயாரித்த சமயத்தில் வாங்கிய அசல் தரச்சான்றுக்கு வண்டி ஒத்துப்போக வேண்டும் என்பது. டர்போ மாற்றி, சஸ்பென்ஷனைத் தூக்கி, எக்ஸாஸ்ட் சத்தத்தைக் கூட்டிய வண்டி எப்படி அசலோடு ஒத்துப்போகும்?

இங்கேயே வாங்கிய வண்டிக்கும் நிலைமை பெரிய வித்தியாசமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அம்சங்களை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில் இதை உறுதி செய்தது. அதே வருஷத் திருத்தத்தில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ என்று வந்துவிட்டது. ‘ஒவ்வொரு’ என்ற வார்த்தையைக் கவனியுங்கள்.

பழைய வண்டிக்கு இந்தியா நிஜமாகவே மரியாதை தருவது அது 50 வயசைத் தாண்டிய பிறகுதான். 2021-ல் வந்த விதிப்படி வின்டேஜ் வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு தனி நம்பர் பிளேட். கட்டணம் 20,000 ரூபாய். இறக்குமதி வண்டி என்றால் சுங்கத்தில் தாக்கலான ‘பில் ஆஃப் என்ட்ரி’யைக் காட்ட வேண்டும். தினசரி ஆபீஸுக்கு ஓட்ட முடியாது. பெரிதாக மாற்றம் செய்திருக்கவும் கூடாது. ஆக, 3 வயசுக்கும் 50 வயசுக்கும் நடுவில் இருக்கிற வண்டிகளுக்குத்தான் யாருமில்லை. மற்ற நாடுகளின் பழைய இரும்பு இங்கே வந்து குவியக் கூடாது என்ற நோக்கம் சரிதான். ஆனால், சிங்கப்பூரில் எட்டு வருஷம் பார்த்துப் பார்த்து ஓட்டிய ஒரே காரை ஊருக்குக் கொண்டுவர நினைப்பவரையும், 200 வண்டி கடத்துகிறவரையும் ஒரே விதி ஒரே மாதிரி பார்ப்பது எனக்கு சரியாகப் படவில்லை.

‘அப்போ துபாய் நம்பர் பிளேட்டோட கேரளாவில் நிசான் பேட்ரோல் ஓடுதே?’ என்று கேட்பீர்கள். அது ‘கார்னே’ என்ற தற்காலிக அனுமதி. வண்டிக்கான டூரிஸ்ட் விசா மாதிரி. ஆறு மாதத்துக்குள் திரும்பிப் போய்விட வேண்டும், இங்கே விற்க முடியாது. அப்படிப்பட்ட வண்டியை யாராவது ‘விலைக்கு’ என்று சொன்னால் போனை வைத்துவிடலாம்.

ஆர்.சி.-யில் இரண்டு தேதி

இப்போது அந்த வாட்ஸ்அப் டிஃபெண்டருக்கு வருவோம். எம்-பரிவாஹன் ஆப்பில் நம்பரைப் போடுங்கள். தயாரித்த வருஷம், இந்தியாவில் முதலில் பதிவான வருஷம், இரண்டையும் பாருங்கள். 2004-ல் தயாரான வெளிநாட்டு வண்டி 2014-ல்தான் இந்தியாவில் முதல் பதிவு என்றால், நடுவில் பத்து வருஷம் எங்கே இருந்தது? மூன்று வருஷ விதியைத் தாண்டி எப்படி வந்தது? தூதரகம், சர்வதேச அமைப்புகள் பயன்படுத்தி, பிறகு வரி கட்டி விற்ற வண்டியாக இருக்கலாம். அப்படியானால் அதற்கும் பேப்பர் இருக்கும். பில் ஆஃப் என்ட்ரியையும் வரி கட்டிய ரசீதையும் கேளுங்கள். சேஸிஸ் நம்பரை வண்டியில் நீங்களே பார்த்து ஒப்பிடுங்கள். ‘அதெல்லாம் பழைய ஓனர் கிட்ட இருக்கு ப்ரோ’ என்ற பதில் வந்தால், டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பலாம். என்.ஓ.சி. வாங்கி டி.என்-13 நம்பர் போட்டுவிட்டால் எல்லாம் சுத்தமாகிவிடாது. புது நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் இருப்பது அதே பழைய பேப்பர்தான்.

இங்கிருந்து அங்கே போகிறவர்களுக்கு

நீங்கள் கிளம்புகிற ஆள், அப்பா வாங்கிக் கொடுத்த பழைய மாருதியை விட மனசில்லை என்றால் கணக்கு தலைகீழ். பல நாடுகளில் வயசான வண்டிக்குத்தான் வழி சுலபம்.

கனடாவில் அந்நாட்டுத் தரத்துக்குத் தயாராகாத கார் நுழையவே முடியாது. 15 வயசு ஆகிவிட்டால் அந்த விதி பொருந்தாது. அமெரிக்காவில் அதே எல்லை 25 வயசு. ஆஸ்திரேலியாவிலும் 25 வயசு தாண்டிய வண்டிக்குத் தனி வழி இருக்கிறது. இங்கிலாந்தில் 10 வயசு தாண்டினால் தனி வாகன ஒப்புதல் டெஸ்ட் தேவையில்லை. அங்கே குடியேறுகிறவர் ஆறு மாதமாவது சொந்தமாக வைத்து ஓட்டிய வண்டி என்றால் இறக்குமதி வரிச் சலுகையும் கேட்கலாம். சிங்கப்பூர் மட்டும் நம்மைப் போலவே மூன்று வயசில் கதவைச் சாத்துகிறது.

ஆஸ்திரேலியா போகிறவர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். கப்பலில் ஏற்றும் முன்பே அந்நாட்டு அனுமதி கையில் இருக்க வேண்டும். இன்னொன்று ஆஸ்பெஸ்டாஸ். பழைய பிரேக் லைனிங், கேஸ்கெட்டுகளில் அது இருந்தது. பாடி பக்கம் பிரேக் கம்பெனிகளில் வேலை பார்த்த பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆஸ்திரேலியாவில் அதற்கு முழுத் தடை. துளி இருந்தாலும் துறைமுகத்தில் வண்டி நிற்கும், எடுத்துப் போடும் செலவு உங்கள் தலையில். அதனால் பிரேக் ஷூ, கிளட்ச், கேஸ்கெட் எல்லாவற்றையும் இங்கேயே தெரிந்த மெக்கானிக்கிடம் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாததாக மாற்றி, பில்லை பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் மண்ணையும் சுத்தமாகக் கழுவிவிடுங்கள். ஆவடி மண் ஒரு பிடி இருந்தாலும் அங்கே விடமாட்டார்கள்.